நண்பகல் மணிக்கு நின்றவர்கள்

ஓடுகிறேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்துதான் ஓட முடியும். நிமிர்ந்தால் கம்பி நெற்றியில் வெட்டும். இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை. வலது காதில் கல் விழும் சத்தம். முதலில் சின்னக் கற்கள். இலை மேல் ஆலங்கட்டி மழை மாதிரி. அடுத்துப் பெரியவை. பெரிய கல்லுக்குச் சத்தம் வேறு. வரும்போது விர்ரென்று ஊதும். விழுந்தால் பாதத்துக்குக் கீழே மண் அதிரும். பந்தல் கம்பி அறுந்தால் ணங்கென்று ஒரு சத்தம். நான்கு முறை கேட்டது. எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று இன்று வரை தெரியவில்லை.

"மோட்டார் ரூமுக்குப் போங்க! மோட்டார் ரூமுக்குள்ள போங்க!"

யாரோ கத்துகிறார்கள். அது நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

தவக்காலத்தின் மூன்றாம் வாரம். புதன்கிழமை. மதியம் பன்னிரண்டு மணி மூன்று நிமிடம். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். கோயில் மணி அப்போதுதான் அடித்து முடித்திருந்தது.

தோட்டத்தில் ஆறு பேர் இருந்தோம். மோட்டார் ரூமுக்குள் நுழைந்தது நான்கு பேர். நானும் குலை வெட்ட வந்த மூன்று பெண்களும். ஒருத்திக்கு முழங்கையில் ரத்தம். ஒருத்தி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறேன். புழுதி. வெள்ளைப் புழுதி. பந்தலே தெரியவில்லை. கல் விழுவது நின்றுவிட்டது. எங்கோ ஒரு டிப்பர் லாரி பின்னால் வரும்போது போடும் பீப் பீப் சத்தம். மலையில், கல் குவாரியில் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

"ஏங்க!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் பெயர் சவரிமுத்து. இருபத்தாறு வருடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டேன். "சவரிமுத்து! சவரிமுத்து!" பதில் இல்லை. "பேச்சி! ஏ பேச்சி!" அதற்கும் இல்லை.

புழுதி அடங்க எட்டு நிமிடம் ஆனது. அவர் மூன்றாவது வரிசையில், கல்தூணுக்குப் பக்கத்தில் கிடந்தார். தலைத்துண்டு கையில் இருந்தது. மணி அடிக்கும்போது எடுத்துக் கையில் வைத்துக்கொண்டது. கல் தலையில்தான் விழுந்திருந்தது. துண்டைக் கட்டியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். ஆறுதலாம். பேச்சியம்மா அவரிடமிருந்து நான்கு அடி தள்ளிக் கிடந்தாள். கூலிக்குக் குலை வெட்ட வருபவள். அவளுக்கு நெஞ்சில் அடி. பக்கத்துத் தோட்டத்து மினி லாரியில் திராட்சைப் பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு இரண்டு பேரையும் ஏற்றினோம். அவர் அப்போதே போய்விட்டிருந்தார். அது எனக்குத் தெரியும், ஆனாலும் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பேச்சியம்மாவுக்குக் கம்பம் போகிற வழியில் மூச்சு நின்றது. நிற்பதற்கு முன் ஏதோ சொன்னாள். என் கேட்காத காதின் பக்கம் சொன்னாள்.

இதைப் போர் என்று எழுதாதே என்றார் பங்குச் சாமியார். போர் என்றால் எதிரி வேண்டுமாம். இரண்டு பக்கமும் ஆயுதம் வேண்டுமாம். நல்லது சாமி. குவாரி வந்த பிறகு நான் அந்த மலைக்குக் கீழே ஆறு வருடம் இருந்தவள். வாரத்துக்கு ஆறு நாள் வெடி. ஞாயிறு மட்டும் விடுமுறை. கர்த்தருடைய நாள் என்று குவாரி மேனேஜர்கூடத் தெரிந்துவைத்திருந்தார். வீட்டுச் சுவரில் விரிசல். கிணற்றில் கலங்கல். இலையில் வெள்ளைப் பொடி. வெடி வைக்கும் நேரத்தில் அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைப்போம். அவர்களுக்கு வெடிமருந்து இருந்தது, லைசென்ஸ் இருந்தது. எங்களுக்கு மோட்டார் ரூம் இருந்தது. இதற்கு என்ன பெயர் என்று சாமியார் எழுதிக் கொடுத்தால் அதையே போட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. வயது நாற்பத்தெட்டு. ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஊருக்காக இல்லை. இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கக்கூடியது என்று படிக்கிறவர்கள் நிம்மதியாகிவிடக் கூடாது. கோட்டாட்சியர் விசாரணைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்துக்கு ஒரு பக்கம் போதும். மீதி இது.

எங்கள் பக்கத்தில் நாங்கள் பழைய வேதக்காரர்கள், பரம்பரைக் கத்தோலிக்கர்கள். எங்கள் கோயிலில் ஒரு நாளைக்கு மூன்று முறை மணி அடிக்கும். காலை ஆறு. மதியம் பன்னிரண்டு. மாலை ஆறு. மூவேளைச் செபத்துக்கான மணி. மூன்று அடி, நிறுத்தம். மூன்று அடி, நிறுத்தம். மூன்று அடி, நிறுத்தம். பிறகு ஒன்பது. மணி கேட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். களை எடுப்பவர் களைக்கொத்தைக் கீழே போடுவார். பைக்கில் போகிறவர் ஓரம் கட்டுவார். ஆண்கள் தலைத்துண்டை எடுப்பார்கள். கோயில் பக்கம் திரும்பி, கடைசி அடி அடங்கும் வரை நகரக் கூடாது. சின்ன வயதில் நகர்ந்ததற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். மற்ற ஊர்களில் இதெல்லாம் போய்விட்டது. எங்கள் ஊரில் போகவில்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. திருவிழாவுக்கு ராயப்பன்பட்டியிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் பெருமை பீற்றிக்கொள்வோம்.

குவாரிக்கு ஒரு சங்கு இருந்தது. வெடிக்கு முன் மூன்று நீள ஊதல். சங்கு கேட்டால் ஓட வேண்டும். மணி கேட்டால் நிற்க வேண்டும். எங்கள் காலுக்கு இரண்டும் பழகிப்போயிருந்தது. யோசிக்கத் தேவையில்லை. ஐப்பசி மழையில் சங்கு கெட்டுப்போனது. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார்கள். பிறகு பார்ட்ஸ் வரவில்லை என்றார்கள். கல் உடைக்கும் மெஷினுக்கு மட்டும் பார்ட்ஸ் ஒரே நாளில் வந்தது.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன். பூசை முடிந்து பங்குப் பேரவைக் கூட்டம். கோயில் காரியங்களை முடிவு செய்யும் சபை அது. சாமியார் தலைமை. உறுப்பினர்கள் பதினொரு பேர். பெண்கள் சார்பில் நான். மேனேஜர் வந்திருந்தார். சும்மா வரவில்லை. கோயில் முன்வாசலுக்கு மெருகு போட்ட கருங்கல் படிகள் பன்னிரண்டு தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு வேண்டுகோள்.

"சங்கு வர லேட்டாகுது. உங்க மணி தினமும் கரெக்டா பன்னண்டுக்கு அடிக்குது. காடு பூரா கேக்குது. அந்த மணி முடிஞ்சதும் நாங்க வெடி வச்சுக்கிறோம். ஆளுகளுக்கும் ஞாபகம் இருக்கும்."

பேரவைத் துணைத்தலைவர் சூசை மாமா. என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். "நல்ல ரோசனையாத்தான இருக்கு. சாமி மணியே நமக்குக் காவலு" என்றார். சாமியார் தலையாட்டினார். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். நண்பகல் கோயில் மணியே எச்சரிக்கை மணியாகக் கொள்ளப்படும். புத்தகம் சுற்றி வந்தது. நான்காவதாக நான் கையெழுத்துப் போட்டேன். டீ வந்தது. வடையும் வந்தது.

பதினொரு பேரும் மணிக்கு நிற்கிறவர்கள். ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. ஓட வேண்டியதையும் நிற்க வேண்டியதையும் ஒரே மணியில் முடிச்சுப் போட்டோம். வேறு வேதக்காரர் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் சிரித்திருப்பார். நாங்கள் படியைப் பற்றிப் பேசினோம். மெருகு போட்டால் மழையில் வழுக்குமா என்று அரை மணி நேரம் பேசினோம். நானும் பேசினேன். கைப்பிடி வைக்கச் சொன்னது நான்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள். இரண்டு கல்யாண ஓலைக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் நடுவில். பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. வெடி வைக்கிறவர் நிதானமான ஆள். மணி முடிந்து பத்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம் கழித்துத்தான் வைப்பார். நாங்கள் செபத்தை முடித்து, கத்திரியைத் துடைத்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டே மோட்டார் ரூமுக்கு நடப்போம். அங்கேயே தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுவோம். வெடி முடிந்ததும் திரும்புவோம். பேச்சியம்மா அதைச் சாப்பாட்டு மணி என்றே சொல்லுவாள்.

அந்தப் புதன்கிழமை வந்தது புது ஆள். மணி முடிந்ததும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே செய்தார். மலையில் எங்கள் தோட்டத்தைப் பார்த்த பக்கத்தில் குழி போட்டிருந்தார்கள். அவர் மீது எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மற்றவர்களுக்கே போதாமல் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அடக்கம். பிரேதப் பரிசோதனை முடிந்து தேனியிலிருந்து காலை பத்து மணிக்கு உடல் வந்தது. புதுப் படிகளில் பெட்டியை ஏற்றினார்கள். பன்னிரண்டு படி. ஒருவருக்கும் வழுக்கவில்லை. பிரசங்கம் பதினான்கு நிமிடம். செப நேரத்தில் இறந்தவர் பாக்கியவான் என்றார் சாமியார். ஆண்டவர் தம் தோட்டத்துக் கனியைத் தாமே பறித்துக்கொண்டார் என்றார். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு மேனேஜர். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஒரு காது ஏற்கெனவே போய்விட்டது. இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டேன். பாவம், தாங்க முடியவில்லை என்று பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவினாள். எனக்கு அது துக்கம் இல்லை. ஆத்திரம். துக்கம் பிறகுதான் வந்தது. சனிக்கிழமை காலையில், பழக்கத்தில் இரண்டு டம்ளர் காபி ஆற்றியபோது வந்தது. அன்று முழுவதும் அழுதேன்.

கடவுள் மீதும் கோபமா என்று கேட்கிறார்கள். ஆமாம். அவர் மீதும்தான். அவருக்குத்தானே நின்றோம். ஒரு நிமிடம் அந்த ஆளின் கையைத் தடுத்திருக்கலாம். திரி நனைந்திருக்கலாம். தீப்பெட்டி தொலைந்திருக்கலாம். அவருக்கு அது பெரிய வேலையா? இதை நான் கோயிலுக்கு வெளியே சொல்வதில்லை. பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவரிடமே சொல்கிறேன்.

பேச்சியம்மாவை அதே வெள்ளிக்கிழமை அனுமந்தன்பட்டியில் எரித்தார்கள். நான் போகவில்லை. இங்கே அடக்கம் இருந்ததால் போகவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த நாளும் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும்.

எட்டாம் நாள் போலீஸ் எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். எச்சரிக்கை மணி அடித்தும் அப்புறப்படாமல், அஜாக்கிரதையாக அங்கேயே நின்றதால் மரணம். இரண்டு பேருக்கும் அதே வரி. அஜாக்கிரதை. அந்தச் சொல்லைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். படித்தார்கள். மோட்டார் ஸ்விட்சைத் தொடும் முன் காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்க்கிறவர் என் வீட்டுக்காரர். மருந்தடிக்கும் நாளில் நாயைக்கூடக் கட்டிப் போடுகிறவர். அவரை அஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறார்கள். ஆதாரம், தீர்மானப் புத்தகத்தின் நகல். பதினொரு கையெழுத்து. நான்காவது என்னுடையது. என் கையெழுத்தை வைத்தே என் புருஷன் தலையில் குற்றத்தைக் கட்டினார்கள்.

அன்றே முடிவு செய்தேன். விசாரணையில் அந்தச் சொல் போக வேண்டும். அவர் பெயரை விட்டும் பேச்சியம்மா பெயரை விட்டும் போக வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

விசாரணைக்கு முந்தின நாள் குருத்து ஞாயிறு. மாலை ஐந்து மணிக்கு சூசை மாமா வந்தார். கூடப் பேரவை ஆட்கள் இரண்டு பேர். கையில் குருத்தோலை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆத்தா, நாளைக்கு ஆபீசரம்மா கேப்பாக. சவரிக்குக் காது மந்தம்னு சொல்லிரு. மணி கேக்கலன்னு எழுதி முடிச்சிருவாக."

"அவருக்குக் காது நல்லாக் கேக்கும் மாமா."

"தெரியும்த்தா. யாரு இல்லங்கறா? கோயிலு பேரு கெட்டுறக் கூடாதுல்ல. சாமியவே கூண்டுல ஏத்துவியா?"

"காது கேட்டதுனாலதான் மாமா அவரு நின்னாரு."

மாமா குருத்தோலையை மேசையில் வைத்தார். "மன்னிக்கத்தான நம்ம வேதம் சொல்லுது" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் மன்னிப்பு என்றால் வாயை மூடிக்கொள் என்று அர்த்தம். அடிபட்டவள் மன்னிக்க வேண்டும். அடித்தவன் வடை சாப்பிடலாம். யாராவது முதலில் நான் செய்தேன் என்று சொல்ல வேண்டாமா? சொல்லாத குற்றத்தை எதை வைத்து மன்னிப்பது? மாமா போன பிறகு இதையெல்லாம் சுவரைப் பார்த்துக் கத்தினேன். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நானும் ஒன்றைச் சொல்லாமல்தான் வைத்திருந்தேன்.

அதை இங்கே எழுத வேண்டும். மேலே எழுதும்போது வேண்டுமென்றே விட்டேன்.

பேச்சியம்மா எங்கள் வேதம் இல்லை. வேலைக்கு வந்த புதிதில் மணி அடித்தாலும் குலை வெட்டிக்கொண்டே இருப்பாள். நாங்கள் கண்ணை மூடி நிற்போம். அவள் கத்திரி மட்டும் சடக் சடக்கென்று கேட்கும். ஒரு நாள் நான்தான் சொன்னேன். "சாமி நேரம்டீ. கத்திரியக் கீழ வையி. நாங்கெல்லாம் நிக்கிறோம்ல?" கூலி கொடுக்கிற வாய் சொன்னது. "சரிக்கா" என்றாள். அன்று முதல் நின்றாள். கையும் கூப்புவாள். அது யாரும் சொல்லிக் கொடுக்காதது. ஆனால் கோயில் பக்கம் திரும்ப மாட்டாள். எந்தப் பக்கம் பார்த்து வேலை செய்தாளோ அந்தப் பக்கமே கூப்புவாள்.

அந்தப் புதன்கிழமை அவள் மலையைப் பார்த்து நின்றாள். நாங்கள் கோயிலைப் பார்த்து நின்றோம். ஒன்பதில் ஏழாவது அடி. மேட்டிலிருந்து ஒரு விசில் சத்தம். இரண்டு முறை. பேச்சியம்மா சொன்னாள்.

"யக்கா, அங்கன ஆளுக ஓடுறாக."

ஒரு கால் எடுத்து வைத்தாள். சருகு நொறுங்கியது எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"நில்லுடீ."

நின்றாள். எட்டாவது அடி. ஒன்பதாவது அடி. கடைசி அடியின் ரீங்காரம் அடங்கவில்லை. மலை வெடித்தது.

பெரிய வாரம். திங்கட்கிழமை. காலை பதினொன்று பத்து. கோட்டாட்சியர் அலுவலகம். மின்விசிறி க்ரீச் க்ரீச்சென்று சுற்றுகிறது. முன்பெஞ்சில் மேனேஜர். அடுத்து சாமியார். அடுத்து சூசை மாமா. கடைசிப் பெஞ்சில் பேச்சியம்மாவின் மகள் முத்துமாரி. வயது இருபத்திரண்டு. வீட்டில் தையல் மிஷின் வைத்துத் தைக்கிறாள். அம்மாவின் சாயல் அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்கார இடம் விட்டாள். நான் போய் உட்காரவில்லை.

கோட்டாட்சியர் ஒரு அம்மா. தீர்மானப் புத்தகத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்மா. நான் போட்டதுதான்."

"மணி அடிச்சா விலகிப் போகணும்னு தெரிஞ்சுதானே போட்டிருக்கீங்க?"

மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். மூன்று. மூன்று. மூன்று. ஒன்பது. எழுந்து நின்று, எப்படி நிற்போம் என்று காட்டினேன். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இந்த மணிக்கு எங்க ஊருல யாரும் ஓட மாட்டாகம்மா. நிப்பாக. சின்னப் புள்ளையில அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தது. அவரு அஜாக்கிரதையா நிக்கல. மணி அடிச்சா என்ன செய்யணுமோ அதத்தான் செஞ்சாரு. தப்பு இந்தப் புத்தகத்துல இருக்கு. ஓடுற மணியும் இதுதான், நிக்கிற மணியும் இதுதான்னு எழுதுனோம். எழுதுன ஆளுகள்ல நானும் ஒருத்தி."

சாமியார் தரையைப் பார்த்தார். கூட்டம் எடுத்த முடிவைத்தான் பதிந்தேன் என்றார். சூசை மாமா, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றார். மேனேஜர், ஊர் சம்மதித்ததைத்தான் செய்தோம் என்றார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கை கழுவினார்கள். ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொன்னவன் கை கழுவிய பெரிய வாரம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் அந்த அம்மா.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வந்த வேலை முடிந்துவிட்டது. அந்தச் சொல்லை அடித்துவிடுவார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பின்னால் திரும்பினேன். முத்துமாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நன்றியாக. கண்ணில் தண்ணீர் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பேச்சியம்மா ஓடப் பாத்துச்சும்மா. நான்தான் நில்லுன்னு சொன்னேன்."

எழுத்தர் பேனாவை எடுத்தார், மறுபடி வைத்தார். முத்துமாரி எழுந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகப் பேசினாள்.

"எங்கம்மா உங்க சாமி மேல மரியாதையில நின்னுச்சுன்னு சொல்லி மனசத் தேத்திக்கிட்டிருந்தேன். உங்களுக்குப் பயந்து நின்னுருக்கு."

"முத்து, என்னைய மன்னிச்சிரும்மா."

"மாட்டேன்."

போய்விட்டாள். பதினொன்று நாற்பத்தைந்து.

பெரிய புதன்கிழமை வெளியூர்ச் சாமியார் ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்திருந்தார். முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பாவமன்னிப்புக் கொடுத்தார். ஒரு செபமாலை சொல்லச் சொல்லி அபராதம். எழுந்து வந்தேன். மனம் இலேசாகவில்லை. நான் யாருக்குச் செய்தேனோ அவளுடைய மகள் அனுமந்தன்பட்டியில் இருக்கிறாள். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் இவர் எப்படிக் கொடுத்தார்? ஆண்டவர் கொடுக்கிறார் என்பார்கள். கொடுக்கட்டும். வாங்கிக்கொண்டேன். ஆனால் அதைக் காட்டி அவள் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. நான் வேதத்தை விடவில்லை. அதைச் சுருட்டி வாயில் அடைத்து எங்களைப் பேச விடாமல் செய்வதைத்தான் விட்டேன்.

உத்தரவு ஈஸ்டர் முடிந்து உயிர்ப்புக் காலத்தில் வந்தது. அஜாக்கிரதை என்ற சொல் இல்லை. குவாரிக்குப் பூட்டு. எத்தனை நாளைக்கு என்று தெரியாது, மேனேஜர் அப்பீல் செய்திருக்கிறார். பேரவையிலிருந்து என்னை நீக்கினார்கள். அதற்கும் ஒரு தீர்மானம், அதற்கும் கையெழுத்து. பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான் போவதை நிறுத்தவில்லை. இரண்டாவது வரிசையில்தான் உட்காருகிறேன். பின்வரிசைக்குப் போனால் அவர்களுக்குச் சௌகரியமாகிவிடும்.

பன்னிரண்டு மணிக்கு இப்போதும் மணி அடிக்கிறது. வெடி இல்லை. இருந்தும் தோட்டத்தில் பெண்கள் ஓடுகிறார்கள். யாரும் ஓடச் சொல்லவில்லை. முதல் அடி விழுந்ததும் கால் தானாகக் கிளம்புகிறது. நானும் ஓடுகிறேன். மோட்டார் ரூமுக்குள் நின்று மூச்சு வாங்குகிறோம். வாயில் செபம் வருவதில்லை. ஒன்பதாவது அடி அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலைக்குத் திரும்புகிறோம்.

முத்துமாரி வீட்டுக்கு ஏழு முறை போயிருக்கிறேன். ஏழு முறையும் உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சத்தம் நிற்கும். கதவு திறக்காது. நான் தெரு முனை தாண்டியதும் மறுபடி ஓடும். இன்னும் போவேன். கதவைத் திற என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. வாசலில் நிற்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இழந்ததை எழுதுகிறேன்.

பந்தல் கம்பி நான்கு. கல்தூண் இரண்டு. அந்தப் பருவத்துத் திராட்சை முழுவதும். புழுதி படிந்ததை வியாபாரி தொடவில்லை.

காது ஒன்று. இடது.

நண்பகல் செபம். ஊர் முழுவதுக்கும்.

சூசை மாமா. உயிரோடு இருக்கிறார். எதிரில் வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறார்.

தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து பதினொன்று. தப்பாகப் போட்டேன் என்று சொன்னது ஒன்று.

சவரிமுத்து. வயது ஐம்பத்திரண்டு. மணிக்கு நின்றார்.

பேச்சியம்மா. வயது நாற்பத்தாறு. அவள் ஓடியிருப்பாள்.